ஒரு பானைத் தயிரும் ஐந்து பழுதுகளும்

மாணவர்களே, உங்கள் வீட்டில் தயிர் எப்படி உறைகிறது? இரவு காய்ச்சி ஆறிய பாலில் அம்மா ஒரு கரண்டி பழைய தயிரைக் கலந்து மூடி வைப்பார். காலையில் எழுந்து பார்த்தால் கட்டித் தயிர். மின்சாரமும் இல்லை, கருவியும் இல்லை. நம் நாட்டின் வெப்பமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் அதே பாலைக் குளிரூட்டி ஓடும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைத்தால், மாலைவரை பாலாகவே இருக்கும். எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் இதைக் கேன்டீன் தினத்துக்கு முன் கண்டுகொண்டார்கள். மோர் விற்றுக் கழகத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும். தயிர் ஒரே நாளில், எங்கள் கண்முன்னே உறைய வேண்டும். அதற்காக நாங்கள் ஒரு மின்சாரப் புளிப்புக் கலனை அமைத்தோம். ஐந்து முறை பழுது கண்டோம். அந்த ஐந்து பழுதுகளும் பாடநூலின் வெப்பம், மின்சாரம் ஆகிய இரண்டு அதிகாரங்களையும் எங்களுக்கு மறுபடி நடத்தின.

ஆலைக்காரர் மகன் சொன்ன விதி

கலனைத் திறப்பதற்கு முன் ஒருவரைச் சந்திப்போம். ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல், 1818இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமாகப் பியர் ஆலை இருந்தது. தானியக் கரைசலைக் காய்ச்சுவதும் புளிக்கவைப்பதும் வெப்பநிலையை நம்பிய தொழில். சில பாகை மாறினாலும் முழுத் தொட்டியும் வீணாகும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஜூல், வெப்பநிலையை மிக நுணுக்கமாக அளக்கக் கற்றதில் வியப்பில்லை.

ஆலையின் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரைப் பயன்படுத்தலாமா என்று ஆராயத் தொடங்கியவர், கம்பியில் மின்சாரம் ஓடும்போது பிறக்கும் வெப்பத்தை அளந்தார். அந்த வெப்பம் மின்தடையைப் பொறுத்தும், மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தும் கூடுகிறது என்று 1841இல் வெளியிட்டார். அதாவது, மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இன்று ஆற்றலை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் என்றால் அது ஒரு வாட்.

கலனில் என்ன இருக்கிறது?

நீரைச் சூடாக்கி ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் எந்தக் கலனுக்கும் நான்கு உறுப்புகள் வேண்டும்: சூடேற்றி, வெப்ப உணரி, இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்கும் கட்டுப்படுத்தி, நீரைக் கலக்கும் பம்பு. வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் பெரியவர்கள் வைத்திருக்கும் மின்கலன்களிலும் இவைதான் முக்கிய உறுப்புகள். ஆனால் அவர்களின் சூடேற்றிகள் சிலவற்றின் திறன் 5,500 வாட். நம் வீட்டு மூன்று முள் பிளக் 13 ஆம்பியர்வரைதான் தாங்கும். 230 வோல்டில் அது ஏறக்குறைய 3,000 வாட். அப்படிப்பட்ட கலனுக்குத் தனி மின்னிணைப்பும் உரிமம் பெற்ற மின்பணியாளரும் தேவை.

எங்கள் கழகத்தில் படிவம் இரண்டு மாணவர் ஒருவர், "டீச்சர், பழைய மின்கெண்டியைப் பிரித்து அதிலுள்ள சூடேற்றியை எடுத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார். நல்ல சிந்தனை, ஆனால் கூடாது. தண்ணீரும் 230 வோல்டும் சந்திக்கும் இடத்தில் நாம் கற்றுக்கொண்டு பிழை செய்ய முடியாது. அங்கே முதல் பிழையே கடைசிப் பிழையாகிவிடலாம். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் மின்கசிவுத் துண்டிப்பான், பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும். ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு! அவ்வளவு சிறிய மின்னோட்டமே இதயத்தைத் தாக்கக்கூடும் என்பதால்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் 12 வோல்டைத் தேர்ந்தெடுத்தோம். பொருள்கள் இவை:

- மீன் கடையில் காணும் வெள்ளை நுரைப்பெட்டி, மூடியுடன்.
- அதற்குள் அடங்கும் எவர்சில்வர் பானை. அதன் அடியில் ஒட்டிய 60 வாட் சூடேற்றித் தகடு. தகடு நுரையைத் தொடாதபடி பானை மரச்சட்டத்தின் மேல் நிற்கும்.
- எண் திரையும் ரிலேயும் கொண்ட 12 வோல்ட் தெர்மோஸ்டாட், அதன் நீர்புகா உணரி.
- சுடுநீரைத் தாங்கும் சிறிய 12 வோல்ட் பம்பு.
- கடையில் வாங்கிய 8 ஆம்பியர் அடாப்டர். அதை ஒட்டி 7.5 ஆம்பியர் உருகி.

60 வாட்டை 12 வோல்டால் வகுத்தால் சூடேற்றிக்கு 5 ஆம்பியர். பம்புக்கு அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே 8 ஆம்பியர் அடாப்டர் போதும். 12 வோல்ட் கம்பியைத் தொட்டால் மின்னதிர்ச்சி தெரியாது. ஆனாலும் இரு கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பொறி பறக்கும். அதற்காகவே உருகி.

இன்னொரு விதியைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டினோம்: தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போடாதே. சூடேற்றியின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள நீர் இல்லாவிட்டால், அது தன்னையே எரித்துக்கொள்ளும்.

முதலில் வெறும் தண்ணீர்

பாலை ஊற்றுவதற்கு முன் பத்து லிட்டர் தண்ணீரை வைத்துச் சோதித்தோம். முதல் இரண்டு பழுதுகள் இங்கேதான் அகப்பட்டன.

முதல் பழுது: பொய் சொல்லும் உணரி. நொறுக்கிய பனிக்கட்டியையும் தண்ணீரையும் ஒரு குவளையில் கலந்து உணரியை முக்கினோம். பனிக்கட்டி உருகும் கலவை 0 பாகை செல்சியஸில் நிற்கும். திரை 1.5 என்று காட்டியது. அப்படியே விட்டிருந்தால் 43 என்று நாம் நம்பியது உண்மையில் 41.5 ஆக இருந்திருக்கும். தெர்மோஸ்டாட்டில் திருத்தம் செய்யும் வசதி இருந்தது, 1.5ஐக் கழித்தோம். கொதிநீரை வைத்துச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கடலோர ஊர்களில் நீர் 100 பாகையில் கொதிக்கும். கேமரன் மலையில் காற்றழுத்தம் குறைவு; அங்கே ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். பனிக்கட்டிக் கலவைக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது பழுது: சூடாக வேண்டியது சூடாகவில்லை, சூடாகக் கூடாதது சூடானது. தண்ணீரின் வெப்பநிலை மிக மெதுவாக ஏறியது. ஆனால் சூடேற்றிக்குச் செல்லும் கம்பியைத் தொட்ட மாணவி கையை உதறினார். மிக மெல்லிய கம்பியைப் பயன்படுத்தியிருந்தோம். மல்டிமீட்டரில் அளந்தபோது சூடேற்றியின் மின்தடை 2.4 ஓம், கம்பியின் மின்தடை போகவர 0.6 ஓம். இப்போது ஜூல் விதியைப் போட்டுப் பாருங்கள்.

மொத்த மின்தடை 3 ஓம். 12 வோல்டை 3ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். அதன் இருபடி 16. சூடேற்றிக்குக் கிடைப்பது 16 பெருக்கல் 2.4, அதாவது சுமார் 38 வாட். கம்பியில் வீணாவது 16 பெருக்கல் 0.6, சுமார் 10 வாட். 60 வாட் சூடேற்றி 38 வாட் ஆகிவிட்டது. மீதியில் ஒரு பங்கு கம்பிக்குள் எரிகிறது. தடித்த, குட்டையான கம்பியை மாற்றியதும் இரண்டும் சரியாயின. வீட்டில் எந்தக் கருவியின் கம்பியாவது, பிளக்காவது சூடானால் இதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே தேவையில்லாத மின்தடை இருக்கிறது. உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

பழுது நீங்கிய பிறகு ஒரு சிறு சோதனை செய்தோம். நீரை 43 பாகைக்குக் கொண்டுவந்து, சூடேற்றியை அணைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஆய்வுக்கூடம் 24 பாகை. நீர் 1.5 பாகை குளிர்ந்தது. ஒரு கிலோகிராம் நீர் ஒரு பாகை குளிர்ந்தால் 4,200 ஜூல் வெளியேறும். பத்து கிலோகிராம், 1.5 பாகை: 63,000 ஜூல். ஒரு மணி நேரத்தின் 3,600 விநாடிகளால் வகுத்தால் 17.5 வாட். பெட்டியின் சுவர் வழியாகக் கசியும் வெப்பம் இவ்வளவுதான். அதை ஈடுசெய்ய 60 வாட் சூடேற்றி தாராளம்.

ஆனால் குழாய்நீரை 28 பாகையிலிருந்து 43க்கு ஏற்ற, கசிவே இல்லாவிட்டாலும் 630,000 ஜூல் வேண்டும். 60 வாட் சூடேற்றிக்கு அது மூன்று மணி நேர வேலை. எனவே கொதிநீர் 1.4 லிட்டரும் குழாய்நீர் 4.6 லிட்டரும் கலந்தோம். கலவை ஏறத்தாழ 45 பாகையில் தயாரானது. எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாலுக்குள் நடப்பது

இனி உயிரியலுக்கு வருவோம். பாலை 85 பாகைவரை காய்ச்சிச் சிறிது நேரம் அதே சூட்டில் வைத்தோம். வேண்டாத நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அதில் மடியும். பாலின் மோர்ப்புரதங்களும் விரிந்து, பிறகு தயிர் கெட்டியாக உறைய உதவும். அதை 43 பாகைக்கு ஆறவிட்டு, உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட இனிப்பில்லாத தயிரை உறை ஊற்றினோம்.

அதில் இரு வகைப் பாக்டீரியாக்கள் கூட்டாளிகளாக வேலை செய்கின்றன: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ். இவை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தைத் தருகின்றன. அமிலம் கூடக் கூட, பாலின் பிஎச் அளவு 6.7இலிருந்து இறங்கும். 4.6ஐ நெருங்கும்போது கேசின் என்னும் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிறது. அந்த வலைதான் தயிர். பிஎச் அளவுகோலைத் தந்தவரும் ஒரு பியர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி. டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் 1909இல் அதை அறிமுகப்படுத்தினார்.

இந்தக் கூட்டாளிகளுக்கு 42, 43 பாகை மிகவும் பிடிக்கும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும். 24 பாகையில் சோம்பிவிடுவார்கள். 50 பாகையைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். இதை நாங்கள் நூலில் படித்திருந்தோம். மூன்றாவது பழுதுதான் கண்ணால் காட்டியது.

கொட்டப்பட்ட நான்கு லிட்டர்

ஒரு சனிக்கிழமை. மாணவர்கள் கைக்காசு போட்டு வாங்கிய நான்கு லிட்டர் பால், எட்டுப் போத்தல்களில். காலை ஒன்பது மணிக்குப் பானைக்குள் அடுக்கி மூடினோம். நண்பகலில் திறந்தால், பால் அசைத்தவுடன் ஆடியது. தயிரின் அறிகுறியே இல்லை. தனி வெப்பமானியை விட்டுப் பார்த்தோம். 52 பாகை!

திரையைப் பார்த்தோம். அது 24 என்றது. சூடேற்றி விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

24 பாகை எங்கே இருக்கிறது? ஆய்வுக்கூடத்தின் காற்றில். போத்தல்களை அடுக்கும்போது உணரி நழுவிப் பெட்டிக்கு வெளியே தொங்கியிருக்கிறது. கட்டுப்படுத்தி தன் கடமையை ஒழுங்காகவே செய்தது. "இன்னும் குளிர்தான், இன்னும் சூடாக்கு" என்று மூன்று மணி நேரமும் ஆணையிட்டது. அது அறிந்த உலகம் உணரியின் நுனி மட்டுமே. திரையில் 24 என்ற எண் காலையிலிருந்தே இருந்தது. நான் உட்பட ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

"டீச்சர், திரும்பக் கொதிக்க வைத்து, புதிதாக உறை ஊற்றினால் சரியாகிவிடாதா?" என்று ஒரு மாணவி கேட்டார். காசு போட்டவர்களின் முகங்கள் என்னைப் பார்த்தன. நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான்.

தயிரைக் கெடாமல் காப்பது அதன் அமிலம். அந்தப் பாலில் போதிய அமிலம் உருவாகவில்லை. அது காலையிலிருந்து வெதுவெதுப்பாகவும் சூடாகவும் இருந்தது. எந்த நேரத்தில் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதற்கு நம்மிடம் பதிவு இல்லை. கொதிக்கவைத்தால் பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் சில வகைப் பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு, கொதிநீரிலும் அழியாது. சிலவற்றின் விதைத்துகள்களும் கொதியைத் தாங்கும். அந்தப் பால் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் "இருந்திருக்கலாம்" என்பதை நம்பி மற்றவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது.

நான்கு லிட்டரையும் கொட்டினோம். காசு என்னுடையதாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலையே மூன்று மாற்றங்கள் செய்தோம். உணரியைப் பானையின் உட்சுவரில் கவ்வியால் இறுக்கினோம். பானையின் பக்கத்தில், 50 பாகையில் தானாகத் திறந்து சூடேற்றியை வெட்டும் வெப்பச் சுவிட்ச் ஒன்றை ஒட்டினோம். அது திரையையும் நம்பாது, உணரியையும் நம்பாது; தனியாக நிற்கும் காவலாளி. மூன்றாவது மாற்றத்துக்குச் செலவே இல்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை காட்டும் எண்ணையும் தனி வெப்பமானி காட்டும் எண்ணையும் எழுத ஆள் நியமித்தோம்.

அந்தத் தாள் பிடித்த பழுதுகள்

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாள் உடனே பயன்பட்டது. திரையில் 43. ஆனால் ஓரத்துப் போத்தலில் வைத்த வெப்பமானி 40தான் காட்டியது. இது நான்காவது பழுது. ஈரத்தில் உரிந்த போத்தல் லேபிள் ஒன்று பம்பின் வாயை அடைத்திருந்தது. போத்தல்கள் நெருக்கமாக இருந்ததால் நீர் தானாகச் சுழலவும் இடமில்லை. பம்பைச் சுத்தம் செய்த சில நிமிடங்களில் இரண்டு எண்களும் நெருங்கி வந்தன. ஒரு புள்ளியின் வெப்பநிலை முழுப் பானையின் வெப்பநிலை ஆகாது; கலக்கினால்தான் ஆகும்.

ஐந்தாவது பழுதைக் காது கண்டுபிடித்தது. ரிலே ஓயாமல் "டிக், டிக்" என்றது. தெர்மோஸ்டாட்டில் அணைக்கும் வெப்பநிலைக்கும் மீண்டும் போடும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை 0.1 பாகை என்று வைத்திருந்தோம். உணரியின் சிறு தடுமாற்றத்துக்கெல்லாம் ரிலே துள்ளியது. இப்படியே விட்டால் அதன் உலோக முனைகள் தீய்ந்து, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும்; பிறகு சூடேற்றி அணையவே அணையாது. இடைவெளியை 0.5 ஆக்கினோம். சூடேற்றி ஏறக்குறைய 8 நிமிடம் எரிந்து, 20 நிமிடம் ஓய்ந்தது.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு மாணவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டிருந்தார். 28 நிமிடத்தில் 8 நிமிடம் மட்டும் 60 வாட். சராசரி சுமார் 17 வாட். வெறும் தண்ணீரில் நாங்கள் கண்ட கசிவு 17.5 வாட்! முற்றிலும் வேறான இரண்டு வழிகள், ஏறக்குறைய ஒரே விடை. கலன் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பிற்பகல் இரண்டரை மணிக்குப் போத்தலைச் சாய்த்தோம். ஆடவில்லை. பிஎச் தாள் 4.6க்குக் கீழே காட்டியது. தயிரை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம்.

பழுது பார்க்கும் முறை

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கருவி அடம்பிடித்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்த வரிசையில் சிந்தியுங்கள்.

முதலில் மின்சாரத்தை அணையுங்கள். அடுத்து, கண், காது, மூக்கு: கருகல் வாடை, தளர்ந்த கம்பி, வழக்கமில்லாத ஓசை. பிறகு, கருவி சொல்வதை இன்னொரு சுயேச்சையான அளவியோடு ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பழுது என்பது தெரியாமலே போகும். மாற்றியதை எழுதி வையுங்கள். சுவரில் செருகும் கருவியாக இருந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம். அது மின்பணியாளரின் வேலை.

கேன்டீன் தினத்தன்று நான்கு லிட்டர் தயிர் பதினாறு லிட்டர் மோரானது. இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு. எண்பது கோப்பைகளும் மதியத்துக்குள் தீர்ந்தன. மோர்க் கடையின் முன்னால் மாணவர்கள் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். விலைப்பட்டியல் என்று நினைத்து அருகில் சென்றேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய அந்த வெப்பநிலைக் கட்டம்தான் அது.